குழி, பள்ளம், ஒடுக்கு: தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் தெரியும்

கேள்வி இது: "நாங்கள் மார்த்தாண்டம் பக்கம். மகள் எட்டாம் வகுப்பு. 'சிறு பள்ளம் எனப் பொருள்படும் ஐந்து சொற்களை எழுதுக' என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். குழி, ஓட்டை, பொந்து, ஒடுக்கு, குண்டு என்று எழுதியிருக்கிறாள். குழியைத் தவிர மற்ற நான்கையும் சிவப்பு மையில் அடித்துவிட்டார்கள். எது சரி, எது தப்பு? வீட்டில் நாங்கள் 'பாத்திரம் சளுங்கிப்போச்சு' என்போம், அது தமிழ்தானா?"

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டையை அடித்தது சரி. பொந்துக்கு அரை மதிப்பெண் கொடுத்திருக்கலாம். குண்டை அடித்தது தப்பு. ஒடுக்கை, அதாவது அடிபட்ட பாத்திரத்தில் விழும் குழிவை, அடித்தது பெரிய தப்பு. அடித்தவர் வீட்டில் பித்தளைக் குடமே இருந்ததில்லை போலிருக்கிறது. சளுங்கலுக்குக் கடைசியில் வருகிறேன்.

இதில் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ரோஷம் வரக் காரணம் உண்டு. என் அப்பா நாகர்கோவிலில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். விற்பனை பாதி, பழுது பார்ப்பது பாதி. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் குடத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவது என் வேலை. பிற்பாடு அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருபது வருஷம் இருந்தேன். ஆக, ஒடுக்கைக் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலாலும் எடுத்திருக்கிறேன், சிவப்புப் பேனாவாலும் எடுத்திருக்கிறேன்.

இந்தச் சொற்களையெல்லாம் 'ஒரு பொருள் குறித்த பல சொற்கள்' என்று ஒரே சாக்கில் கட்டுவதுதான் சிக்கலே. தமிழில் இவை அளவை வைத்துப் பிரிவதில்லை. சின்னதுக்கு ஒரு சொல், பெரியதுக்கு ஒரு சொல் என்று இல்லை. பல்லாங்குழியும் குழிதான், பிணம் புதைப்பதும் குழிதான். அந்தத் தாழ்வு எப்படி வந்தது, அது இப்போது என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் சொல் மாறுகிறது. தோண்டியதா, அடிபட்டதா, தேய்ந்ததா, துளைத்ததா, பிறவியிலேயே உள்ளதா? சந்தேகம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. அதன்மேல் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றுவதாக நினைத்துப் பாருங்கள். தண்ணீர் அங்கேயே நின்றால் குழி. சுற்றிலும் உள்ள தண்ணீரெல்லாம் அதை நோக்கி ஓடி வந்தால் பள்ளம். மறுபக்கம் ஒழுகினால் ஓட்டை. உள்ளே போய் எங்கே போயிற்றென்றே தெரியாவிட்டால் பொந்து. ஒடுக்கில் மட்டும் இந்தச் சோதனை வேறு மாதிரி: தண்ணீரைப் பாத்திரத்துக்கு உள்ளே ஊற்ற வேண்டும். முன்பைவிடக் குறைவாகப் பிடித்தால், அது ஒடுக்கு.

இந்தக் கடைசி விஷயம்தான் அந்தச் சொல்லின் உயிர். ஒடுங்குவது என்றால் குறுகுவது, சுருங்குவது. குடத்தின் வயிற்றில் வெளியிலிருந்து ஓர் அடி விழுந்தால் அந்த இடம் உள்நோக்கி ஒடுங்குகிறது. உள்ளே இருந்த இடம் குறைகிறது. வெளியே தடவினால் குழிவு, உள்ளே கைவிட்டால் புடைப்பு. தண்ணீர்க் குடத்தில் இது அழகுக் குறைச்சல் மட்டும்தான். அளவுப் பாத்திரத்தில் அப்படி இல்லை. நாழியிலோ பக்காவிலோ ஓர் ஒடுக்கு விழுந்தால், அளக்கிற ஒவ்வொரு முறையும் வாங்குகிறவருக்குக் கொஞ்சம் அரிசி குறையும். எங்கள் தெருவில் பால் வாங்கும் பாட்டிகள் முதலில் பாலைப் பார்க்க மாட்டார்கள். அளக்கிற பாத்திரத்தின் அடியைத் தடவிப் பார்ப்பார்கள். "ஒடுக்கு எடுத்துட்டு வா, பொறவு பால் ஊத்து" என்று பால்காரரைத் திருப்பி அனுப்பியதை நானே கண்டிருக்கிறேன். அவர் நேரே எங்கள் கடைக்குத்தான் வருவார், முகம் தொங்கிப்போய்.

எல்லாப் பாத்திரத்திலும் ஒடுக்கு விழாது. செம்பு, பித்தளை, அலுமினியம் விழும். வெண்கல உருளியில் விழாது. வெண்கலம் செம்போடு வெள்ளீயம் கூடுதலாகச் சேர்ந்த உலோகம், வளைந்து கொடுக்கிற குணம் அதற்கு இல்லை. ஓங்கி அடித்தால் ஒன்று மணி போல ஒலிக்கும், இல்லையென்றால் கீறிவிடும். அதனால் யாராவது "உருளி ஒடுங்கிப்போச்சு" என்றால் அது உருளி இல்லை, பித்தளையை வெண்கலம் என்று சொல்லி யாரோ விற்றிருக்கிறார்கள் என்று அப்பா சொல்லுவார்.

ஒடுக்கு எடுப்பதில் ஒரு கணக்கு உண்டு. குடத்துக்குள் வளைந்த இரும்புக் கம்பியின் உருண்டைத் தலையை ஊன்றிக்கொண்டு, வெளியிலிருந்து மரக் கொட்டாப்புளியால் தட்ட வேண்டும். ஒடுக்கின் நடுவில் தட்டக் கூடாது. விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வர வேண்டும். நடுவில் அடித்தால் அந்த இடம் மட்டும் மெலிந்து நீண்டு, பிறகு உள்ளேயும் நிற்காது, வெளியேயும் நிற்காது. தகர டப்பா மூடி மாதிரி டொக்கு டொக்கென்று சொல்லும். இன்னொன்று, செம்பும் பித்தளையும் அடிக்க அடிக்க விறைத்துக்கொள்ளும். ரொம்ப ஆழமான ஒடுக்கு என்றால் ஒருமுறை தீயில் பழுக்கக் காட்டி ஆறவைத்துத்தான் தட்ட வேண்டும், இல்லையேல் வெடிப்பு விடும். "லேய் மக்கா, ஒடுக்கக் கண்ணால பாக்காத, வெரலால பாரு" என்பார் அப்பா. கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் விரலுக்குத் தெரியும்.

ஒடுக்குக்குப் பக்கத்து வீட்டுச் சொற்கள் சில உண்டு, ஆனால் ஒரே வீடு இல்லை. நசுங்கல் என்றால் இரண்டு பக்கமிருந்தும் அழுத்தம் வந்திருக்க வேண்டும்; பஸ்சில் கூட்டத்தில் சிக்கிய டிபன் பாக்ஸ் நசுங்கும், கீழே விழுந்த டிபன் பாக்ஸ் ஒடுங்கும். நெளிசல் என்பது குழியே இல்லை, தட்டின் விளிம்பு அலை போல ஆகிவிட்டால் நெளிசல். சப்பிப்போவது என்றால் உருவமே போய்த் தட்டையாகிவிட்டது என்று பொருள்; அதே சொல்தான் சப்பை மூக்கிலும் இருக்கிறது. அமுங்கல் மெத்தைக்கும் மண்ணுக்கும் பொருந்தும், கை எடுத்தால் கொஞ்சமாவது எழும்பி வரும். எவர்சில்வர் வந்த பிறகு இந்த வேலையும் இந்தச் சொற்களும் சேர்ந்தே மெலிந்துபோயின. கார்காரர்கள் மட்டும் விடவில்லை. ஆனால் அவர்கள் 'டென்ட்' என்பார்கள், டிங்கரிங் பார்த்துப் பட்டி போட வேண்டும் என்பார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பட்டறைக்காரர் எந்தச் சொல்லைச் சொன்னால் பழுது நீங்குமோ அதைச் சொல்லுங்கள்.

சொட்டையை மறந்துவிட்டேனே. வடக்கே போனால் குடத்தில் 'சொட்டை விழுந்துவிட்டது' என்பார்கள், அங்கே ஒடுக்குக்கு அதுதான் பெயர். எங்கள் ஊரில் சொட்டை என்றால் தலை மட்டும்தான். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் அம்மா கடை வாசலில் நின்று, "பெரிய சொட்டையா இருக்கே, இதைச் சரி பண்ண முடியுமா?" என்று கேட்டபோது, கடைப்பையன் குடத்தைப் பார்க்காமல் அப்பாவின் தலையைப் பார்த்தான்.

சரி, பாத்திரத்தை விட்டு இறங்கித் தரைக்கு வருவோம்.

குழிக்கும் பள்ளத்துக்கும் உள்ள வேறுபாடு விளையில், அதாவது தோப்பில், வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். தென்னம்பிள்ளை வைக்கக் குழி எடுப்பார்கள்: 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழம். வாழைக்கு ஒன்றரை அடி போதும், அது மட்டியானாலும் செவ்வாழையானாலும். பள்ளம் எடுத்தான் என்று யாரும் சொல்வதில்லை. குழிக்குக் கரை உண்டு, கணக்கு உண்டு, எடுத்தவன் ஒருவன் உண்டு. பள்ளம் நிலத்தின் சாய்வு, அதுவாகக் கிடப்பது. வயலெல்லாம் பள்ளத்தில் இருக்கும், வீடெல்லாம் மேட்டில் இருக்கும். மேடு என்று ஒன்று பக்கத்தில் இல்லாமல் பள்ளம் இல்லை. குழிக்கு மேட்டின் துணை தேவையில்லை, சமதரையிலும் குழி விழும்.

மரம் வளர்ந்த பிறகு அதைச் சுற்றி வட்டமாக மண்ணை இழுத்துத் தாழ்த்தி, எருவும் தழையும் போட ஒரு தாழ்வு செய்வார்கள். அதைக் குழி என்றும் சொல்வதில்லை, பள்ளம் என்றும் சொல்வதில்லை. எங்கள் பக்கம் 'தடம்'. "மழைக்கு முன்னால தென்னைக்குத் தடம் எடுக்கணும்." நெல்லைப் பக்கத்து ஆட்களிடம் இதைச் சொன்னால் கால் தடம், டயர் தடம் என்று நினைத்து முழிப்பார்கள். அவர்களுக்கு அது வட்டப்பாத்தி. 1956-இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு (அப்போது சென்னை மாநிலம்) சேர்ந்த மாவட்டம் எங்கள் கன்னியாகுமரி. தோவாளையில் நெல்லைத் தமிழ் கேட்கும், விளவங்கோட்டில் மலையாளக் காற்று அடிக்கும். ஒரே தென்னை, கிழக்கே ஒரு பேர், மேற்கே ஒரு பேர்.

நில அளவையிலேயே குழி உண்டு என்பது பலருக்கு மறந்துவிட்டது. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு குழி எத்தனை சதுர அடி என்பது அளக்கிற கோலின் நீளத்தைப் பொறுத்து ஊருக்கு ஊர் மாறும். பழைய பத்திரத்தில் "குழி 50" என்று கண்டால் ஐம்பது இடத்தில் தோண்டியிருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரு வாடிக்கையாளர் அச்சகத்தில் அப்படியே நினைத்து என்னோடு சண்டைக்கு வந்திருக்கிறார்.

ஊர்ப்பெயர்களைப் பாருங்கள். உங்கள் மார்த்தாண்டத்தை ஒட்டியே குழித்துறை. அங்கே ஓடும் ஆறு கோதையாறும் பரளியாறும் கூடி வந்து, தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் விழுகிறது. கடற்கரையில் பள்ளம் என்றே ஒரு மீனவ ஊர் இருக்கிறது, பக்கத்தில் பள்ளந்துறை. அதற்கு எதிர்ப்பதம் போல மேற்கே பாறைமுகட்டில் முட்டம். இந்த ஊர்களுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கதை கட்ட நான் தயாரில்லை. ஆனால் 'பள்ளத்துக்குப் போறேன்' என்று ஒருவர் பஸ் ஏறினால் எங்கள் ஊரில் யாரும் பதறுவதில்லை.

இனி 'குண்டு'. உங்கள் மகளுக்கு நியாயம் செய்ய வேண்டிய இடம் இது. "ரோடு குண்டும் குழியுமா கிடக்கு" என்று தினமும் சொல்கிறோம். தென்மேற்கும் வடகிழக்குமாக வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கிற மாவட்டம் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறோம். அந்தக் குண்டு என்ன? பலர் அதை மேடு என்று நினைக்கிறார்கள். குண்டாக, உருண்டையாக எழும்பி நிற்பது குண்டு, அமிழ்ந்தது குழி என்று. பட்டிமன்றத்தில்கூட ஒருவர் அப்படி விளக்கி நான் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒப்புதல் இல்லை. பழந்தமிழில் குண்டு என்றால் ஆழம். ஆழமான அகழியைக் குண்டகழி என்றார்கள். மலையாளத்தில் இன்றும் குண்டு என்றால் குழிதான், சாலைக் குழியும் குண்டுதான், தாழ்வான இடமும் குண்டுதான். ஆக 'குண்டும் குழியும்' என்பது மேடும் பள்ளமும் போல எதிர்ச்சொல் இணை இல்லை. ஓட்டை உடைசல் போல, ஒரே குறையை இரண்டு சொல்லால் அழுத்திச் சொல்லும் இணை. மகள் எழுதியது சரி. அவள் மார்த்தாண்டத்துப் பிள்ளை, காதால் கேட்டதை எழுதியிருக்கிறாள்.

பள்ளத்துக்கு இன்னொரு பழைய சொல் இருக்கிறது, இப்போது பேச்சில் இல்லை: அவல். புறநானூற்றில் ஔவையார் நிலத்தைப் பார்த்துப் பேசுகிற ஒரு நாலு வரிப் பாட்டில் "அவலா கொன்றோ, மிசையா கொன்றோ" என்று வரும். நீ பள்ளமாக இருந்தால் என்ன, மேடாக இருந்தால் என்ன என்கிறார். அச்சகத்தில் இந்தப் பாட்டை எழுத்துக் கோத்த பையன், "அண்ணே, இதுல அவல் எதுக்கு வருது? பாயசமா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. இடித்துத் தட்டையாக்கிய அரிசிதான் நமக்குத் தெரிந்த அவல்.

ஆற்றில் உள்ள குழிக்குத் தனிப் பெயர். "கயத்துல எறங்காத பிள்ளே" என்று ஆற்றங்கரை வீடுகளில் அம்மைமார் கத்துவார்கள். மேலே தண்ணீர் சாதுவாகத் தெரியும், கீழே ஆள் ஆழம். அதுதான் கயம். சங்கப் பாட்டிலும் கயம் என்றால் ஆழ்ந்த நீர்நிலை. நெல்லைப் பக்கம் அதுவே கசம். மடு என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும், ஆனால் எங்கள் ஆற்றில் மடு இல்லை, கயம்தான் இருக்கிறது.

உடம்புக்கு வருவோம். எண்ணிப் பார்த்தால் குழிகளுக்குக் குறைவில்லை. தொண்டைக்குழி, நெஞ்சுக்குழி, தொப்புள்குழி, கண்குழி, கன்னக்குழி. இவையெல்லாம் பிறவியில் வந்தவை, அதனால் குழி. கன்னத்தில் சதை வற்றி உள்ளே போனால் அது கன்னக்குழி ஆகாது. அது 'ஒட்டிய கன்னம்', 'டொக்கு விழுந்த கன்னம்'. ஒன்று அழகு, மற்றது காய்ச்சலிலிருந்து எழுந்தவனின் முகம். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதிய ஒரு கல்யாண வாழ்த்துமடலை நான் கடைசி நிமிஷத்தில் திருத்தியிருக்கிறேன், மணப்பெண் வீட்டார் இன்றுவரை அறியார்கள்.

கன்னக்குழிக்கு மலையாளத்தில் 'நுணக்குழி' என்று பெயர். நுண என்றால் பொய். சிரித்தால் குழி விழுகிறவர்கள் பொய் சொல்கிறவர்கள் என்று ஒரு வேடிக்கை. கேரள எல்லையில் களியக்காவிளைப் பக்கத்தில் பெண் எடுத்த என் மாமா, அத்தையை அந்தப் பெயர் சொல்லித்தான் கேலி செய்வார். தமிழில் அந்தக் குழியை அழகு என்று வர்ணித்து முடித்துவிட்டோம், அவர்கள் அதில் ஒரு குற்றப்பத்திரிகையையே எழுதிவிட்டார்கள்.

உச்சிக்குழியைப் பற்றி மட்டும் விளையாட்டாகப் பேச முடியாது. கைக்குழந்தையின் தலையில் முன்பக்கம் மெத்தென்று இருக்கும் அந்த இடம், மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒன்றுசேராத இடைவெளி. பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதுக்குள் மூடிக்கொள்ளும். பேதியோ வாந்தியோ கண்ட குழந்தைக்கு அது வழக்கத்தைவிட உள்ளே இறங்கியிருந்தால் உடம்பில் நீர் வற்றுகிறது என்று பொருள். பாட்டிமார் "உச்சி தாந்துபோச்சு" என்று சொல்வது இதைத்தான். அவர்கள் கண்டது சரி. ஆனால் எண்ணெய் வைத்துத் தடவிக்கொண்டு காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இதே போல, வீங்கின காலை விரலால் அமுக்கி எடுத்தால் குழி அப்படியே நிற்கிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். நின்றால் உள்ளே நீர் தேங்கிய வீக்கம். அங்கேயும் "குழி விழுது" என்றுதான் சொல்கிறோம், ஒடுங்குகிறது என்பதில்லை.

அம்மை போட்ட முகத்தில் உள்ளவை குழி போல இருந்தாலும் அவற்றுக்குப் பெயர் தழும்பு, இல்லையென்றால் வடு. உருவத்தைப் பார்த்து வந்த பெயர் இல்லை அது, வந்து போன நோயைப் பார்த்து வந்தது. பல்லில் விழுவது சொத்தை.

இப்போது பொந்து. ஏன் அரை மதிப்பெண் என்றேன்? பொந்துக்கு உள்ளே இருட்டு வேண்டும், குடியிருக்க ஓர் உயிர் வேண்டும், அல்லது இருந்திருக்க வேண்டும். பனைமரத்தில் கிளி இருக்கிற பொந்து, சுவரோரம் எலிப்பொந்து. மேற்கே 'பொத்து' என்பார்கள். பொத்தல், பொள்ளல் எல்லாம் பார்த்தாலே ஒரே குடும்பம் என்று தெரியும். ஆனால் பொத்தல் துணியிலும் கூரையிலும் விழுவது, அதில் யாரும் குடியிருப்பதில்லை. மண்ணில் தோண்டிக் குடியிருப்பது வளை. கடற்கரை மணலில் நண்டு வளை. "நண்டு கொழுத்தால் வளையில் தங்காது" என்ற பழமொழியில் வளைக்குப் பதில் குழியைப் போட்டுப் பாருங்கள், நண்டு செத்துவிடும். சங்கப் பாட்டு அந்த நண்டின் வீட்டை அளை என்கிறது. சொல் போய்விட்டது, நண்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

குழியில் குடியிருக்கும் ஒருவர் உண்டு, அவரை விட்டால் பாவம். பழைய வீடுகளின் திண்ணையோரம், மழை படாத பொடிமணலில் புனல் போலக் குட்டிக் குட்டிக் குழிகள் இருக்கும். உங்கள் பக்கம் 'குழியானை' என்பார்கள், மற்ற இடங்களில் குழிநரி. பெயரில்தான் யானை, ஆள் பச்சைப்பயறு அளவு. பின்பக்கமாகவே நகர்ந்து சுற்றிச் சுற்றி மணலை வீசிக் குழி செய்து, அடியில் புதைந்து கொடுக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எறும்பு விளிம்பில் கால் வைத்ததும் மணல் சரியும். ஏற ஏறச் சரியும். போதாததற்குக் கீழேயிருந்து மணலை வாரி வேறு அடிக்கும். அது புழுப் பருவம்தான், வளர்ந்தால் தும்பி போலச் சிறகு முளைத்துப் பறந்துவிடும். ஈர்க்குச்சியால் அதைக் கிளறி உள்ளங்கையில் விட்டுக் கூச்சம் பார்க்காத பிள்ளை என் தலைமுறையில் இல்லை.

யானைக்கும் குழிக்கும் இன்னொரு பழைய உறவு உண்டு. யானை பிடிக்க வெட்டி மேலே தழை பரப்பி மூடும் குழிக்குப் பயம்பு என்று பெயர். புறநானூற்றில் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்ற சேரமான், பாண்டியனிடம் சிறைப்பட்டுத் தப்பிய கதை வருகிறது. பயம்பில் விழுந்த களிறு குழியின் கரையைக் குத்தி இடித்துத் தூர்த்து ஏறி, தன் கூட்டத்தோடு சேர்ந்தது போல என்று பாடியிருக்கிறார்கள். எறும்பு ஏற முடியாத குழியானையின் குழியை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் சிரிப்பு வரும்.

கல்லில் விழும் குழிகளைப் பற்றி ஒரு வார்த்தை. தேய்ந்து விழுவது ஒன்று, கொத்தி விழுவது ஒன்று. அம்மி தேய்ந்து நடுவில் குழிந்துவிட்டால் தேங்காய் அரைபடாது, வழுக்கும். அப்போது உளியால் பொளிவார்கள். பொளிவது என்றால் நூற்றுக்கணக்கில் பொட்டுப் பொட்டாகச் சின்னக் குழி போடுவது. ஒரு பெரிய குழியினால் வந்த கோளாறை ஆயிரம் குட்டிக் குழியால் சரிசெய்கிற வேலை. கிணற்றுக் கல்லில் கயிறு தேய்த்து நீளமாக விழுந்ததைக் குழி என்று சொன்னால் காதுக்கு ஒட்டாது, அது தடம். தச்சர் மரத்தில் நீளவாக்கில் வெட்டினால் காடி. ஏர் மண்ணில் கிழித்தால் சால். நீளம் வந்துவிட்டால் தமிழ் உடனே குழியைக் கைவிட்டுவிடுகிறது.

பாறைமேல் இயற்கையாகத் தண்ணீர் நிற்கும் குழிவு சுனை. சிதறால் மலைக்குச் சமணச் சிற்பம் பார்க்க ஏறினவர்கள் கோயிலை ஒட்டிய சுனையைப் பார்த்திருப்பீர்கள். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையில் ஸ்ரீபாதம் என்று ஒரு பாதச் சுவடு இருக்கிறது. குமரி அம்மன் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்த இடம் என்பது நம்பிக்கை. அதைப் பாதக்குழி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, பதிந்தது, சுவடு. யாரோ ஒருவரின் பாரம் பட்டு உண்டானது என்று மனம் நினைத்தால் சொல் மாறிவிடுகிறது.

தேங்காயை மறந்தால் இந்த மாவட்டத்தில் மன்னிக்க மாட்டார்கள். நார் உரித்த தேங்காயின் தலையில் மூன்று சிறு குழிவு இருக்கிறதே, அவற்றைக் கண் என்கிறோம். இரண்டு கண் கெட்டி, ஒன்று மட்டும் மெது. முளை வருவது அந்த வழியாகத்தான். வலைக்கும் கண் உண்டு, சல்லடைக்கும் உண்டு. ஆனால் அவை அப்பால் தெரியும் துளைகள், தேங்காய்க் கண் மட்டும் மூடிய கண். உங்கள் மகள் ஆறாவது சொல்லாக இதை எழுதியிருந்தால் நான் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

ஓட்டையை ஏன் அடிக்க வேண்டும் என்பது இப்போது விளங்கியிருக்கும். ஓட்டையில் அடி கிடையாது, மறுபக்கம் வானம் தெரியும். கருவியால் வேண்டுமென்றே போட்டால் துளை, வேண்டாமல் விழுந்தால் ஓட்டை. மூக்குத்தி துளையில் நிற்கும், ஓட்டையில் நிற்காது. தேர்வில் மாற்றி எழுத வேண்டுமென்றால் ஓட்டைக்குப் பதிலாகக் குழிவு என்று எழுதச் சொல்லுங்கள். அவலும் பயம்பும் எழுதினால் திருத்துகிறவர் அகராதி தேட வேண்டியிருக்கும், அவருக்கும் நல்லதுதான். ஒடுக்குக்கு மட்டும் நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். வீட்டில் பழைய குடம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

சளுங்கல் பற்றிக் கேட்டீர்கள். மலையாளத்தில் பாத்திரம் ஒடுங்குவதை 'சளுங்ஙுக' என்பார்கள், உங்கள் வீட்டுச் சொல் அதற்கு உடன்பிறப்பு. எங்கள் கடைக்கு மேற்கிலிருந்து வருகிற எல்லோரும் சளுங்கிப்போச்சு என்றுதான் சொல்வார்கள், அப்பாவும் ரசீதில் அப்படியே எழுதுவார்: "சருவம் 1, சளுங்கல் 2." ஒரு வாடிக்கையாளர்கூட அதற்கு அகராதி கேட்டதில்லை. தேர்வுத் தாளில் ஒடுக்கு என்று எழுதட்டும். பாத்திரக்கடையில் சளுங்கல் என்றே சொல்லுங்கள், எங்கே தட்ட வேண்டும் என்று கடைக்காரருக்குத் தெரியும்.